காந்தப் புயல் எத்தனை நாளைக்கு ஒரு முறை?

மதுரை யானைக்கல் பக்கம், வைகைக் கரையோரம் வெகுகாலமாகக் குடியிருக்கும் பெரியவர் எவரிடமாவது போய், "தாத்தா, வைகையில் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "எந்த வெள்ளத்தைக் கேக்குற தம்பி? தரைப்பாலம் முங்குற வெள்ளமா, ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போற வெள்ளமா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

அவர் கேட்பது நியாயம்தானே? தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறுவது அடிக்கடி நடப்பது. கரையோர வீடுகளைக் காலி செய்ய வைக்கும் வெள்ளமோ ஒரு தலைமுறையில் சில தடவைதான் வரும். எவ்வளவு பெரியது என்று சொல்லாமல் எத்தனை முறை என்று மட்டும் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெள்ளத்தைப் பற்றிப் பார்ப்போம். அதற்குக் 'காந்தப் புயல்' என்று பெயர். இப்போது நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒன்று உங்கள் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்கலாம்!

பூமி ஒரு பெரிய காந்தம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். சட்டக் காந்தத்தின் மேல் ஒரு தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவினால், தூள்கள் வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். பூமியைச் சுற்றியும் அத்தகைய காந்தப் புலம் விண்வெளியில் பரவியிருக்கிறது. ஆனால் அது தன் விருப்பப்படி பரவ முடியாது. சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதுவே சூரியக் காற்று. சாதாரண நாளில் இதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 கி.மீ.; மதுரையிலிருந்து கிளம்பினால் ஒரு நொடியை ஒட்டிச் சென்னையில் இருக்கலாம். இந்தக் காற்று பூமியின் காந்தப் புலத்தைப் பகல் பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கி.மீ. வரை நெருக்கித் தள்ளுகிறது. இரவுப் பக்கத்தில் வால்போல் நிலவின் தொலைவையும் தாண்டி இழுத்துவிடுகிறது. இப்படி நெருங்கியும் நீண்டும் இருக்கும் இந்தக் கூட்டைத்தான் காந்தக் கோளம் என்கிறோம். பூமிக்கு அது ஒரு கரை. சூரியக் காற்றின் பெரும்பகுதி அதில் மோதி, ஒதுங்கிப் போய்விடும்.

எந்தக் கரைக்கும் ஒரு மடை உண்டல்லவா? சூரியக் காற்று தன்னோடு சூரியனின் காந்தப் புலத்தையும் சிறிதளவு சுமந்து வருகிறது. அந்தப் புலம் வடக்கு நோக்கி இருந்தால் மடை ஏறக்குறைய மூடியே இருக்கும். தெற்கு நோக்கித் திரும்பிவிட்டால், அது பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும்; மடை திறந்துவிடும். இதை 1961இல் ஜேம்ஸ் டஞ்சி என்ற ஆங்கில விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். மடை திறந்ததும் ஆற்றல் உள்ளே பாய்கிறது. மின்னூட்டம் பெற்ற துகள்கள் பூமிக்குப் பல்லாயிரம் கி.மீ. உயரத்தில் ஒரு வளையமாகச் சுற்றத் தொடங்குகின்றன. இந்த வளைய மின்னோட்டம் மேற்கு நோக்கிப் பாய்வது. மின்னோட்டம் இருந்தால் காந்தப் புலமும் இருக்கும்; இங்கே அது பூமியின் புலத்தை எதிர்க்கும் புலம். ஆகவே தரையில் நம் காந்தப் புலம் சற்றுக் குறைந்துபோகிறது. அந்தக் குறைவுதான் காந்தப் புயலின் அடையாளம்.

எவ்வளவு குறையும்? மதுரை வட்டாரத்தில் பூமியின் கிடைக் காந்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. (பழைய புத்தகங்களில் 'காமா' என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம்.) நல்ல வலுவான புயலில் இதில் 100 நானோடெஸ்லா குறையலாம். அதாவது 400இல் ஒரு பங்கு! உங்கள் வடிவியல் பெட்டியில் கிடக்கும் சின்னத் திசைகாட்டி அசைந்துகூடக் கொடுக்காது. மரம் சாயாது, ஓடு பறக்காது. இதைப் போய்ப் புயல் என்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். விடையைக் கனடா நாட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டும்; அதற்குப் பிறகு வருவோம்.

நம் தலைக்கு மேல் ஓர் ஆறு

புயலை அளப்பதில் நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு விசேஷச் சங்கடம் இருக்கிறது. காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் லண்டனில் அது தரையை நோக்கி 66 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். மதுரையிலோ ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். காரணம், காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டின் பொருட்டுத்தான்.

இந்தக் கோட்டின் மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. நடுக்கோட்டு மின்தாரை என்று இதைச் சொல்வார்கள். கோட்டின் இருபுறமும் மும்மூன்று பாகை அகலமுள்ள இந்தப் பட்டையின் அடியில்தான் மதுரையும் இருக்கிறது. நண்பகல் வேளையில் இது தரையின் காந்தப் புலத்தை 100 நானோடெஸ்லா அளவுக்குக்கூட உயர்த்திவிடும். புயல் குறைக்கிறது, மின்தாரை கூட்டுகிறது. எனவே இங்கே காந்தமானியைப் பார்ப்பவர், முதலில் இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் புயலைத் தேட வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக் கூடம் இருப்பது இந்த ஆற்றைக் கவனிக்கத்தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். எத்தனை நாளைக்கு ஒரு முறை?

உலகின் பல இடங்களில் உள்ள காந்தமானிகள் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை காந்தப் புலம் எவ்வளவு அலைபாய்ந்தது என்று பார்த்து, 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுக்கின்றன. ஜெர்மானியரான யூலியஸ் பார்டெல்ஸ் வகுத்த முறை இது. தேர்வில் மதிப்பெண் ஏறினால் நமக்கு மகிழ்ச்சி, இங்கே தலைகீழ். 5 வாங்கினால் புயல். 9 வாங்கினால் மிகக் கடும் புயல். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டு, அதாவது சுமார் 4,000 நாள் ஆகும். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, அந்த 4,000 நாளில் 5 என்ற மதிப்பெண்ணைத் தொடும் நாள்கள் 900. ஆறு 360 நாளில் வரும். ஏழு 130 நாளில். எட்டு 60 நாளில். ஒன்பது? வெறும் 4 நாள்!

பார்த்தீர்களா? சிறு புயல் நான்கைந்து நாளைக்கு ஒன்று. மாபெரும் புயலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யானைக்கல் தாத்தா கேட்ட கேள்வி வானத்துக்கும் பொருந்துகிறது.

இன்னும் சின்ன அளவுகோலை எடுத்தால் எண்ணிக்கை எகிறிவிடும். துருவப் பகுதிகளில் வண்ண ஒளித் திரை திடீரென்று பளிச்சிட்டு அலைபாயும் 'துணைப் புயல்'கள் உண்டு. சூரியக் காற்று விடாமல் வேகமாக வீசும் நாள்களில் இவை சுமார் 3 மணிக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். காந்தக் கோளம் முற்றிலும் அமைதியாக இருக்கும் நாள்தான் அரிது.

பொதிகை மலையில் கண்ட கணக்கு

இந்தப் புயல்கள் கண்டபடி வருபவை அல்ல, அவற்றுக்கு ஒரு தாளம் உண்டு என்பதைக் கண்டவர்களில் ஒருவர் நம் மலைகளில் அலைந்தவர். ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1852இல் திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் தலைவரானார். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் 1837இல் எழுந்த கூடம் அது. உயரம் கூடினால் காந்தப் புலத்தின் அன்றாட மாற்றமும் வேறுபடுமா என்று பார்க்க ஆசைப்பட்ட பிரவுன், 1855இல் அகத்தியமலை உச்சியில் இன்னோர் ஆய்வுக் கூடத்தைக் கட்டினார். தாமிரபரணி பிறக்கும் பொதிகைத் தொடரில், 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதே சிகரம்தான்! யானைக்காட்டைக் கடந்து, மழையிலும் குளிரிலும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறிய கூலியாட்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் அந்தக் கணக்கு இல்லை.

பிரவுன் தம் அளவீடுகளை மற்ற நாடுகளின் அளவீடுகளோடு ஒப்பிட்டபோது இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஒன்று, புலம் குறையும்போது ஓர் ஊரில் மட்டும் குறைவதில்லை. பூமி முழுவதும் சேர்ந்தே குறைகிறது, சேர்ந்தே மீள்கிறது. மற்றொன்று, கலக்கம் கண்ட நாளிலிருந்து சுமார் 26 நாள் எண்ணினால் பல சமயம் மறுபடியும் கலக்கம். சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு இது ஒத்துப்போகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். வளைய மின்னோட்டம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இது எவ்வளவு கூர்மையான பார்வை!

இன்று நாம் 27 நாள் என்கிறோம். சூரியனின் நடுப்பகுதி ஒரு முறை சுழல 25 நாள்தான் ஆகிறது. பிறகு 27 எப்படி? சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர் உங்களைக் கடந்ததும் நீங்களும் அதே திசையில் மெல்ல நடக்கிறீர்கள். தேர் உங்களை மறுபடி எட்ட ஒரு முழுச் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாக ஓட வேண்டும் அல்லவா? பூமியும் சூரியனைச் சுற்றி நடந்துகொண்டிருப்பதால்தான் அந்த இரண்டு நாள் கூடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 27 நாளுக்கொரு முறை திரும்ப வரும் புயல்களில் பலவற்றுக்குச் சூரியன் முகத்தில் கரும்புள்ளியே தென்படவில்லை. காரணம் தெரியாத அந்த இடங்களுக்குப் பார்டெல்ஸ் 1932இல் 'எம்' பகுதிகள் என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தார். 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்த பிறகுதான் புதிர் அவிழ்ந்தது. சூரியனின் வெளிவளையத்தில் கருமையான துளைகள் இருந்தன. அவற்றின் வழியே சூரியக் காற்று இரு மடங்கு வேகத்தில் பீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு துளை மாதக்கணக்கில் நீடித்தால், சுழலும் நீர்க்குழாய்போல 27 நாளுக்கொரு தரம் பூமியை நனைத்துவிட்டுப் போகும். இவை பெரும்பாலும் சிறு புயல்கள். பெரும் புயல்களைத் தருவது வேறு: கரும்புள்ளிக் கூட்டங்களின் அருகிலிருந்து கோடிக்கணக்கான டன் பொருள் ஒரே வீச்சில் வெடித்துக் கிளம்பி, ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை வந்து மோதும்.

பருவ காலமும் உண்டு. பகலும் இரவும் சமமாகும் பங்குனியையும் புரட்டாசியையும் ஒட்டிக் காந்தப் புயல்கள் கூடுதல். பூமியின் சாய்வு அப்போது மடை திறக்க வசதியாக அமைந்துவிடுகிறது.

பஞ்சம் எழுப்பிய ஆய்வுக்கூடம்

மதுரைச் சீமையில் 'தாது வருஷப் பஞ்சம்' என்ற பேச்சை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். காந்தப் புயலுக்கும் பஞ்சத்துக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? நேரான தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் உறவு இருக்கலாம் என்று அன்றைய விஞ்ஞானிகள் சிலர் நம்பினார்கள். சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டி அறியலாம் என்ற அந்த நம்பிக்கையும் சேர்ந்து, மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் 80 கி.மீ. தொலைவில், கொடைக்கானல் மலைமேல் சூரிய ஆய்வுக்கூடத்தை எழுப்பியது. 1899 ஏப்ரல் 1 அன்று அது தோன்றியது. மிச்சி ஸ்மித் என்பவர் முதல் தலைவர்.

மழையைக் கணிக்க அது உதவவில்லை. அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆயினும் 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்தார்களே, அது வீண் போகவில்லை. நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களில் கரும்புள்ளிகள் 11 ஆண்டுத் தாளத்தில் பெருகுவதும் அருகுவதும் பதிவாகியிருக்கின்றன. கடந்த காலத்துக் காந்தப் புயல் ஒன்று சூரியனின் எந்தப் புள்ளிக் கூட்டத்திலிருந்து கிளம்பியது என்று தேடுபவர்களுக்கு அவை ஒரு கருவூலம்.

சராசரி செய்யும் மாயம்

"4,000 நாளில் 4 நாள்" என்றோம். அப்படியென்றால் 1,000 நாளுக்கு ஒரு மாபெரும் புயல் என்று நாள்காட்டியில் குறித்து வைக்கலாமா? கூடவே கூடாது! 2003 அக்டோபர் இறுதியில் மதிப்பெண் 9 எட்டப்பட்டது. அந்தப் படியில் அடுத்த புயல் 2024 மே 10 அன்றுதான் வந்தது. இருபது ஆண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. வைகை மணலில் பத்து வருஷம் கிரிக்கெட் ஆடிய பையன், ஆற்றில் தண்ணீரே வராது என்று நினைத்துக்கொள்வதுபோல, அந்த இடைவெளியில் வளர்ந்த ஒரு தலைமுறையே இதை மறந்திருந்தது.

2024இல் வந்தபோது லடாக்கின் ஹான்லே வானம் இரவில் சிவந்தது. துருவ ஒளியை இந்திய மண்ணிலிருந்து படம் பிடித்தது, கொடைக்கானல் கூடத்தையும் நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் காமிராதான். அமெரிக்காவில் விதைப்பு வேலையில் இருந்த பல உழவர்களின் டிராக்டர்கள், செயற்கைக்கோள் வழிகாட்டல் பிசகியதால் வயலிலேயே நின்றன.

1989 மார்ச் 13 விடியுமுன் நடந்தது இதைவிடக் கடுமை. முன்பு சொன்ன கனடாக் கதை இதுதான். அங்கே கியூபெக் மாநிலத்தில் காந்தப் புலம் வேகமாக அலைபாய்ந்தபோது, நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தூண்டப்பட்டது. ஃபாரடே கண்ட அதே மின்காந்தத் தூண்டல்! சுமார் ஒன்றரை நிமிடத்தில் மாநிலத்தின் மின் அமைப்பே சரிந்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் குளிரில் மின்சாரம் இன்றித் தவித்தனர். காந்தத் துருவங்களிலிருந்து தள்ளி இருப்பதால் நம் பக்கம் இந்த ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. திடீர்ப் புயலின் முதல் உதைப்பைப் பகல் வேளையில் நம் மின்தாரை பெரிதாக்கிக் காட்டும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது 1859 செப்டம்பர் 2ஆம் தேதிப் புயல். அதன் ஆழத்தை நமக்குச் சொன்னது பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடம். அங்கிருந்தவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதி வைத்த ஏடுகளின்படி, புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா விழுந்தது. 2024 புயலைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு! (பின்னாளில் பம்பாயில் மின்சார டிராம் வரவே, அதன் மின்னோட்டம் ஊசியைக் கெடுக்கும் என்று காந்தமானிகளை அலிபாகுக்கு மாற்றிவிட்டார்கள்.) அத்தகைய புயல் எத்தனை ஆண்டுக்கு ஒன்று? ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்துச் சராசரி போட முடியாது என்பதால், நூறு ஆண்டு என்பாரும் உண்டு, பல நூறு என்பாரும் உண்டு. 2012 ஜூலை 23இல் அந்த அளவு வெடிப்பு ஒன்று பூமியின் பாதையைக் குறுக்கே கடந்துபோனது. ஒரு வாரம் முன்னதாக வெடித்திருந்தால் பூமி நேர் எதிரே இருந்திருக்கும்.

சிறு புயலை அலட்சியம் செய்யவும் கூடாது. 2022 பிப்ரவரியில் ஒரு நிறுவனம் 49 செயற்கைக்கோள்களைத் தாழ்ந்த பாதையில் ஏவியது. வந்தது சின்னப் புயல்தான், நான்கைந்து நாளைக்கு ஒன்று வரும் வகை. ஆனால் அதில் மேல்வளி மண்டலம் சூடேறி உப்பியதால் உராய்வு கூடி, 38 செயற்கைக்கோள்கள் விழுந்து எரிந்தன.

சூரியனில் வெடித்ததைப் பார்த்துவிட்டால் புயல் எப்போது வரும் என்று ஓரளவு சொல்லலாம். எவ்வளவு பெரிதாக வரும் என்பதோ அதன் காந்தப் புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பதைப் பொறுத்தது. அதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி, 2024 ஜனவரி 6 அன்று இந்தியாவின் ஆதித்யா எல்-1 போய் நின்றது இதற்காகவும்தான். அதில் ஒரு காந்தமானி இருக்கிறது. அதைக் கடந்த சூரியக் காற்று நம்மை வந்தடைய வேகத்தைப் பொறுத்துக் கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மின் நிலையத்தாருக்குக் கிடைக்கும் உறுதியான எச்சரிக்கை அவ்வளவுதான்.

பிரவுன் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் கண் போய்விடும். பள்ளியில் சிறு தொலைநோக்கி இருந்தால், ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, சூரிய பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். கரும்புள்ளிகளைத் தினமும் ஒரே நேரத்தில் வரைந்து தேதி போடுங்கள். ஒரு கூட்டம் நாளுக்கு நாள் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு நகர்வது தெரியும். 2024 மே புயலைக் கிளப்பிய பெருங்கூட்டம் அப்படி மறைந்து, அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி கிழக்கே தலைகாட்டியது. உங்கள் கூட்டம் மேற்கே மறைந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துக் கிழக்கு ஓரத்தை விடாமல் கவனியுங்கள்.